குறைக்காரர் வீட்டுக்கு வந்த கார்

ஊரில் யாராவது பழைய கார் வாங்கினால், "குறைக்காரரைக் கூட்டிட்டுப் போனியா?" என்றுதான் மற்றவர்கள் முதலில் கேட்பார்கள். வாங்குகிறவர்களுக்காகக் காரைப் பரிசோதித்துச் சொல்வது அவர் தொழில். ஒரு டார்ச், துணி சுற்றிய காந்தம், கீழே படுத்துப் பார்க்க ஒரு ரப்பர் விரிப்பு, இவ்வளவுதான் அவர் சாமான்கள். காரைச் சுற்றி வந்து விரல் முட்டியால் கதவுகளைத் தட்டுவார். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்று கேட்டால், அடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காந்தமும் அங்கே ஒட்டாது. சீட் பெல்ட்டை முழுக்க உருவிப் பார்ப்பார். அதன் அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. அவர் காதில் பூச்சுற்ற எந்த வியாபாரியாலும் முடிந்ததில்லை. அந்தப் பெயரை வைத்ததே வியாபாரிகள்தான். அவரும் அதை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் மனைவியின் கதையை.

அவளுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம் பிசியோதெரபி பார்த்துவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தவள். பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு மாற்றியவர்கள், குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டவர்கள். எல்லோருக்கும் அவள் 'பிசியோம்மா'. ஒரு தோளில் கருவிப் பை, இன்னொரு தோளில் பதிமூன்று கிலோ மடக்குக் கட்டில். இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

"என்னம்மா, ஆஸ்பத்திரியையே தூக்கிட்டு வர்றீங்க?" என்று கண்டக்டர் தினமும் ஒரே ஜோக்கை அடிப்பார். அவளும் தினமும் சிரித்து வைப்பாள்.

ஒரு நாளைக்கு மூன்று வீடு பார்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த குடியிருப்புக்கு பஸ்ஸே கிடையாது. அங்கிருந்து ஒரு பெண் இரண்டு தடவை போன் செய்தாள். அவள் அப்பா லாரி டிரைவராக இருந்தவர். விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, நாலு மாதமாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீங்க ஒரு தடவை வந்து பாருங்கக்கா, போதும்" என்றாள். இரண்டு தடவையும் பிசியோம்மா, "மேல ஏறி வர வழியில்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள். இரண்டாவது தடவை வைத்த பிறகு, போனைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் கார் வாங்கும் பேச்சு பதினொரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. பேச்சு மட்டும்தான். அவள் பார்த்து வைத்த ஒவ்வொரு காரையும் குறைக்காரர் தட்டிப் பார்த்துத் தள்ளிவிடுவார். ஒன்றுக்கு ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் பசை, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்னொன்று முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியதாகக் காட்டியது, ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. எல்லாம் நிஜமான குறைகள்தான். அதனால் சண்டையும் போட முடியாது.

ஒரு நாள் அவள் கேட்டாள். "என்னங்க, இவ்வளவு குறை பாக்கறீங்களே, என்னை எப்படி ஓகே பண்ணீங்க?"

"அப்ப நான் இந்த வேலைக்கு வரலையே" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். இவரைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த ஜென்மத்தில் கார் வராது.

லைசென்ஸ் அவளிடம் இருபது வருஷமாக இருந்தது, ஓட்டிப் பழக்கம்தான் விட்டுப் போயிருந்தது. 'புது பேஷன்ட்' என்று சொல்லிவிட்டுப் பத்து நாள் காலையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். பதினோராம் நாள், விளம்பரத்தில் பார்த்திருந்த ஒரு காரைத் தேடிப் போனாள். ஏழு வருஷம் ஓடிய சின்ன எஸ்யூவி. குட்டையான மூக்கு, உயரமான உடம்பு, சாம்பல் நிறம். விற்கிறவள் செடி நர்சரி வைத்திருந்த ஒரு பெண். வியாபாரம் பெருகி வேன் வாங்கிவிட்டாள்.

பிசியோம்மா முதலில் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. சூடாக இருந்திருந்தால், ஆள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள். இருபத்திரண்டு வருஷம் சாப்பாட்டு மேசையில் கேட்ட பாடம் சும்மா போகுமா? சீட் பெல்ட்டை உருவினாள். ஆயில் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டெப்னிக்கு அடியில் இருந்த கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தாள். பின் கதவைத் தட்டினாள். தொப்.

"இங்க அடிபட்டிருக்கா?"

நர்சரிக்காரி கொஞ்சம் தயங்கினாள். "எங்க கேட் தூண்லயே இடிச்சேன். நீங்க கேக்கலைன்னா சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

அந்தப் பதில் பிசியோம்மாவுக்குப் பிடித்துப் போயிற்று. அதற்குப் பிறகு செய்ததுதான் அவளுடைய சொந்தச் சரக்கு. "தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வாங்க, நான் இங்க நின்னு பாக்கறேன்" என்றாள். முதல் நாள் எந்த நோயாளியிடமும் அவள் கேட்பது அதுதான், அந்தச் சுவர் வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள் என்று. கார் போயிற்று, வந்தது. இடது பின்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது. பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கால்கள் இரண்டும் ஒரே நீளமா என்று அளக்கிற டேப். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே வளைவு வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்தாள். இடது பக்கம் இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

"வண்டி லேசா நொண்டுதும்மா" என்றாள்.

நர்சரிக்காரிக்கு ஆச்சரியம். பிறகு அவளே யோசித்துச் சொன்னாள். பின் சீட்டில் வலது பக்கம் குழந்தையின் இருக்கை. இடது பக்கம் சீட்டை மடக்கிவிட்டு ஆறு வருஷமாக மண் மூட்டையும் தொட்டியும் ஏற்றியிருக்கிறாள். அந்தப் பக்கத்து ஸ்பிரிங் களைத்துப் போயிருந்தது.

மூன்றாம் நாள் கார் வீட்டுக்கு வந்துவிட்டது.

குறைக்காரர் பார்க்கிங்குக்கு இறங்கி வந்தார். காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மேலே போய் டார்ச், காந்தம், விரிப்பு எல்லாவற்றையும் எடுத்து வந்தார். நாற்பது நிமிஷம். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"பின் கதவு ரீபெயிண்ட்."

"தெரியும். கேட் தூண்."

"முன் பிரேக் பட்டை மாத்தணும்."

"தெரியும். வர்ற செவ்வாய்க்கிழமை."

"வாட்டர் பம்ப் கிட்ட லேசா கறை இருக்கு."

இது அவளுக்குத் தெரியாது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "கவனிச்சுட்டே இருக்கணும்" என்றதோடு விட்டுவிட்டு, "வேற ஒண்ணும் பெருசா இல்ல" என்று முடித்தார்.

"இடது பின் ஸ்பிரிங்?"

"என்ன ஸ்பிரிங்?"

அவள் டேப்பை நீட்டினாள். அவர் குனிந்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பார்க்கிங் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்டது, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இத நான் பாக்கலையே" என்றார்.

"நீங்க எப்பவும் கிட்டப் போயிடறீங்க. நான் தள்ளி நின்னு பாத்தேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஸ்பிரிங் கடைக்குப் போய் நின்றார்.

கார் வந்த அந்த வாரமே அவள் லாரி டிரைவரின் மகளுக்கு போன் செய்து, "நான் வர்றேம்மா" என்றாள்.

மலைச்சரிவுக்குப் போகிற ரோட்டில் ஐந்து கொண்டை ஊசித் திருப்பங்கள். முதல் நாள் ஸ்டியரிங்கை அவள் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. மூன்றாவது திருப்பத்தில் வண்டி நின்று போய், பின்னால் வந்த பால் வேன்காரர் ஹாரன் அடிக்காமல் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமை ஹாரனைவிட மோசமாக இருந்தது. கைபிரேக்கைப் போட்டு, மூச்சை இழுத்து விட்டு, முதல் கியரில் எடுத்து மேலே போய்ச் சேர்ந்தாள்.

பெரியவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கனத்த தோள்கள், மெலிந்துபோன கால்கள். அவள் வணக்கம் சொன்னாள்.

"மூணாவது திருப்பத்துல ரெண்டாவது கியர்ல வந்தீங்க. வண்டி அழுதுச்சு. இங்க கேட்டுது" என்றார்.

"ஆமாங்கய்யா, தப்புதான். சரி, எழுந்து உக்காருவோமா?"

"எதுக்கு? நாப்பது வருஷம் உக்காந்தே சம்பாரிச்சவன் நான். இப்ப நடந்து என்ன ஆகப்போவுது?"

மகள் வாசலில் நின்று கண்ணால் மன்னிப்புக் கேட்டாள். பிசியோம்மாவுக்குக் கோபம் வரவில்லை. இந்த மாதிரி ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். விழுந்துவிடுவோம் என்ற பயத்துக்கு அவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அன்று அவர் கால்களைத் தூக்கி இறக்கப் பழக்கிவிட்டு வந்தாள்.

வாரத்துக்கு மூன்று நாள் போனாள். மூன்று வாரம் ஆனது. எழுந்து கட்டிலோரம் உட்காருவார், வாக்கரைப் பிடித்து ஒரு நிமிஷம் நிற்பார். ஒரு அடி வைக்கச் சொன்னால் மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனால் அவள் கார் ஏறி வரும் சத்தத்தை ஒரு நாளும் விட்டதில்லை. எந்தத் திருப்பத்தில் எந்த கியர், எங்கே கிளட்ச் தேவையில்லாமல் மிதிபட்டது, எல்லாம் சொல்வார். அவளும் மறுதடவை திருத்திக்கொண்டு வருவாள். அந்த ரோட்டில் அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அந்தக் கட்டிலில் கிடந்த மனிதர்தான் என்று பிறகு அவளே சொல்வாள்.

ஒரு நாள் அவள் டேப்பை எடுத்து, கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால் உயரத்தை அளந்தாள். வெளியே போய்க் காரின் சீட் உயரத்தை அளந்துவிட்டு வந்தாள்.

"என்ன அளக்கறீங்க?"

"இடுப்புல ஆபரேஷன் ஆனவங்க தாழ்வான காருல உக்காரக் கூடாதுங்கய்யா, இடுப்பு ரொம்ப மடங்கிடும். என் வண்டி சீட்டு உங்களுக்குச் சரியான உயரம். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். பின்பக்கமா வந்து அப்படியே உக்காந்துடலாம்."

"எந்த சீட்டு?"

"எது வேணுமோ அது."

அவர் அவளையே பார்த்தார். "டிரைவர் சீட்டா?"

"கட்டில்லருந்து கேட் வரைக்கும் இருபத்தாறு அடி வைக்கணும். வச்சா டிரைவர் சீட்டு. சாவி மட்டும் என் பையில இருக்கும்."

அன்று பெரியவர் முதன்முதலாக மூன்று அடி வைத்தார். அடுத்த தடவை ஏழு. அதற்கடுத்த வாரம் அறை வாசல் வரைக்கும். "வெள்ளிக்கிழமை வண்டியில உக்காரலாம்" என்றாள் அவள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் கார் காலை வாரியது.

மூன்றாவது திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்பு வெப்பமானி முள் சரசரவென்று ஏறியது. அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டாள். முன்னாலிருந்து 'உஸ்' என்று ஆவி. கீழே பச்சைத் தண்ணீர் ஒழுகியது. கணவருக்கு போன் செய்தாள்.

"ரேடியேட்டர் மூடியத் தொடாத, வெந்துடுவ" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. "வாட்டர் பம்ப்பாத்தான் இருக்கும். நான் கறையப் பாத்தேன். பாத்துட்டும் விட்டுட்டேன்." குரல் இறங்கியிருந்தது. "நீ அங்கயே இரு, வர்றேன்."

"நீங்க வாங்க. நான் நடந்து மேல போறேன். அவரு காத்துட்டு இருப்பாரு."

கருவிப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வெயில் சுள்ளென்று இருந்தது. இருபத்தாறு அடி வைத்தால் கார் என்று ஆசை காட்டிவிட்டு, கார் இல்லாமல் போய் நிற்பதை எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க வார்த்தை தேடினாள்.

கடைசித் திருப்பம் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டாள். பெரியவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் வாக்கரில். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. பக்கத்தில் மகள், அவரைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டியபடி.

"சத்தம் மூணாவது திருப்பத்துல நின்னுபோச்சு. திரும்ப ஸ்டார்ட் ஆவல. என்னமோ ஆயிடுச்சுன்னு எழுந்து வந்துட்டேன்" என்றார் அவர். பிறகு அவசரமாக, "ரேடியேட்டர் மூடியத் திறக்கலையே?"

"திறக்கலைங்கய்யா."

"நல்லவேளை."

அவள் கட்டிலிலிருந்து கேட் வரைக்கும் எண்ணி வைத்திருந்த இருபத்தாறு அடியை அவர் எண்ணாமலே வந்திருந்தார். ஆனால் தொழில் தொழில்தான். "வந்துட்டீங்க, சரி. திரும்பிப் போறப்ப எந்தக் காலை முதல்ல வைக்கணும், சொல்லுங்க" என்றாள். அவர் சரியாகச் சொன்னார்.

கீழே வந்தபோது குறைக்காரர் பானட்டைத் திறந்து வைத்து நின்றிருந்தார். இழுத்துப் போக வண்டிக்குச் சொல்லியாயிற்று. முகம் தொங்கிப்போயிருந்தது.

"வித்துடலாம்" என்றார். "பம்ப் மாத்திட்டு, குறையச் சொல்லியே வித்துடலாம். இந்த ரோட்டுல நீ தனியா போற. இன்னொரு நாள் பிரேக்ல ஏதாவதுன்னா?"

அவள் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். "குறையப் பாத்தா நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்க. அது உங்க வேலை. தப்பில்ல. எனக்குக் குறைதாங்க வேலையே. குறை இல்லாத ஆள் யாரு என்னைக் கூப்பிடறா?"

"அது மனுஷங்க."

"சரி, இது கார்தான். பம்ப் போச்சு, பம்ப் மாத்துவோம். பிரேக்க நீங்க மாசாமாசம் பாருங்க. உங்களவிட நல்லா பாக்கற ஆள் யாரு இருக்கா?"

அவர் பானட்டுக்குள் கையை விட்டு, பம்ப்பைச் சுழற்றுகிற பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு, "பெல்ட்டையும் சேத்து மாத்திடலாம்" என்றார். அதோடு விற்கிற பேச்சு முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கணவரும் கூடவே வந்தார். காரின் டிரைவர் கதவை ஒட்டிய தூணில் உள்பக்கமாக ஒரு கைப்பிடியைப் போல்ட் போட்டு முடுக்கித் தந்திருந்தார். அதில் தானே தொங்கிப் பார்த்து உறுதி செய்திருந்தார். காரைக் கேட்டுக்கு முன்னால் சமதளத்தில் நிறுத்தி, சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்தாள் அவள். உடம்பு உரசாமல் வழுக்கித் திரும்ப அது உதவும். பெரியவர் வாக்கரோடு வந்தார், முதுகைக் காட்டித் திரும்பினார், தொடையின் பின்பக்கம் சீட்டில் படும்வரை பின்வாங்கினார்.

"அவசரமில்லைங்கய்யா. கைப்பிடியப் பிடிங்க. உக்காருங்க. இப்ப ஒரு கால். இப்ப இன்னொண்ணு."

உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் கையை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு மெல்ல ஸ்டியரிங்கைத் தொட்டார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். கியரை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"சாவி?"

"பையில."

"கறாரான பொம்பள" என்று குறைக்காரரிடம் புகார் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கே அவ சொல்லாமத்தான் இத வாங்குனா" என்றார் குறைக்காரர்.

மகள் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு கேட்டில் வந்து நின்றாள். ஜன்னல் வழியாகப் பெரியவர் அவளைப் பார்த்து, "கேட்டை ஒட்டி நிக்காத, வண்டி திரும்பணும்" என்று அதட்டினார். ஆறு மாதம் கழித்து அப்பாவிடம் வாங்கிய அந்த அதட்டலுக்கு அவள் சிரித்ததை பிசியோம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பெரியவர் மறுபடி லாரி ஓட்டவில்லை. அந்த வயதில் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் கைத்தடிக்கு மாறினார். மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் முன் சீட்டில் உட்கார்ந்து போய் வந்தார். ஐந்து திருப்பத்துக்கும் அவளுக்கு மார்க் போட்டார். பத்துக்கு எட்டுக்கு மேல் அவர் தாண்டவேயில்லை.

அந்தக் காரில் ஏறி இறங்குவதையே அவள் ஒரு பயிற்சியாக வைத்துக்கொண்டாள். முட்டி மாற்றிய ஆசிரியை, வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன தையற்கடைக்காரர், எல்லோர் வீட்டு வாசலிலும் சாம்பல் நிற எஸ்யூவி கதவைத் திறந்துகொண்டு நிற்கும். நாலு சுவருக்குள் பத்து அடி வைக்க அழுதவர்கள், வெளியே ஒரு சீட் காத்திருக்கிறது என்றால் இருபது அடி வைத்தார்கள். நாளைக்கு ஐந்து வீடு, சில நாள் ஆறு. பஸ்ஸே போகாத இடங்களிலிருந்துதான் அவளுக்கு அதிக போன் வந்தது. முடியாது என்று யாருக்கும் அவள் சொல்லவில்லை.

குறைக்காரர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிப்பைப் போட்டுக் காருக்கு அடியில் படுப்பார். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள். போன மாத ஞாயிற்றுக்கிழமை காரின் மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அன்று அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "முன் டயர் ரெண்டும் அடுத்த மாசம் மாத்தணும், மத்தபடி போகலாம்" என்றார். அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரம்மா, கால் மரத்துப்போய் மூன்று வாரமாகப் படுத்திருக்கிறாராம். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.